பரிசோதனைக்கு மறுநாள்: பென்சில்வேனியா ஆமிஷ் குழந்தைகளைப் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1988ஆம் ஆண்டு பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த டி. ஹோம்ஸ் மார்ட்டன் என்ற இளம் மருத்துவரிடம் ஒரு சிறுநீர் மாதிரி வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர் மாவட்டத்தில், நவீன வசதிகளை ஒதுக்கி வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்துச் சிறுவன் ஒருவனுடையது அது. கைகால் முறுக்கிக்கொண்டு நடக்க முடியாமல் இருந்த அந்தப் பையனுக்கு மூளை முடக்குவாதம் என்று ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார்கள். மாதிரியைச் சோதித்தபோது அதில் குளுட்டாரிக் அமிலம் அளவுக்கு மிஞ்சி இருந்தது. குளுட்டாரிக் அசிடூரியா முதல் வகை என்னும் பரம்பரை நோயின் அடையாளம் அது. அன்றைக்கு உலக மருத்துவ இதழ்கள் முழுவதையும் புரட்டினாலும் இந்த நோய் கண்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தார்கள்.

அறிக்கையை எழுதி அனுப்பிவிட்டு மார்ட்டன் அடுத்த மாதிரிக்குப் போயிருக்கலாம். அவர் காரை எடுத்துக்கொண்டு பையனின் வீட்டுக்கே போனார். போன இடத்தில்தான், இதே மாதிரிப் பிள்ளைகள் அக்கம்பக்கத்துப் பண்ணை வீடுகளிலும் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. வீடு வீடாகப் போய்ச் சிறுநீர் வாங்கிப் பார்த்தார். ஒருவருக்குப் பின் ஒருவராக அதே அமிலம். ‘ஆமிஷ் முடக்குவாதம்’ என்று ஊரே பழகிப்போய் ஏற்றுக்கொண்டிருந்தது உண்மையில் ஒரே ஒரு நொதியின் குறைபாடு என்பதை அவரும் சக மருத்துவர்களும் 1991இல் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அரிய நோய்களுக்கான மரபணுப் பரிசோதனை பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த நிகழ்வு நினைவுக்கு வருவதற்குக் காரணம், கண்டுபிடித்த விதம் அல்ல. அதற்குப் பிறகு நடந்தவைதான். பரிசோதனை முடிவு கையில் வந்த மறுநாள் என்ன செய்யப்போகிறோம் என்பதற்கு விடை இல்லாத இடத்தில் பரிசோதனையால் பெரிய பயன் கிடையாது என்பதை எண்களோடு காட்டும் நிகழ்வுகள் குறைவு. இது அவற்றில் ஒன்று.

ஒரு காய்ச்சல், ஒரு ராத்திரி

நோயைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பால், பருப்பு, இறைச்சி என எந்தப் புரதத்தைச் சாப்பிட்டாலும் அதில் லைசின் என்னும் அமினோ அமிலம் இருக்கிறது. உடல் தனக்கு வேண்டியது போக மீதியை உடைத்து எரித்துவிடும். உடைக்கும் வழியில் ஒரு படியில் வேலை செய்யும் நொதி இந்தக் குழந்தைகளிடம் இல்லை. அதனால் பாதியில் நின்றுபோன குளுட்டாரிக் அமிலம் தேங்குகிறது, முக்கியமாக மூளைக்குள். மூளைக்குள் உருவான அந்த அமிலம் வெளியே வருவதும் கடினம்.

குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். சிலருக்குத் தலை மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தவழ ஆரம்பிக்கும், சிரிக்கும். பிறகு எல்லாக் குழந்தைக்கும் வருகிற மாதிரி ஒரு காய்ச்சல், அல்லது வாந்தி, வயிற்றுப்போக்கு. சாப்பாடு இறங்காமல் உடல் தன் சொந்தப் புரதத்தையே உடைக்கத் தொடங்குகிறது. அந்தச் சில மணி நேரத்தில் மூளையின் அடியில் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பகுதி செத்துவிடுகிறது. காலையில் குழந்தையால் தலையை நிமிர்த்த முடியாது. அதற்குப் பிறகு எந்த மருந்தும் அதைத் திருப்பித் தராது.

இதில் மனதைப் பிசைவது, அறிவுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதுதான். உடல் முழுக்க முறுக்கிக்கொண்டு கிடக்கிற பிள்ளை எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, சிரிப்பு வந்தால் சிரித்துக்கொண்டு, பதில் சொல்ல முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆபத்து நிலைத்திருப்பதும் இல்லை. அபாயக் காலம் ஏறக்குறைய முதல் இரண்டு வயது வரைதான். அதைத் தாண்டிவிட்டால் மூளை தப்பித்தது. ஆக, இந்த நோயில் சிகிச்சை என்பது சுமார் இரண்டு வருடக் காவல். காவல் போடுவதற்கு யாருக்குக் காவல் போட வேண்டும் என்று பிறந்த வாரத்திலேயே தெரிய வேண்டும். மரபணுப் பரிசோதனைக்கு இவ்வளவு தெளிவான வேலை கிடைக்கும் நோய்கள் அதிகம் இல்லை.

இவர்களுக்கு ஏன்?

ஆமிஷ் மக்கள் சுவிட்சர்லாந்திலிருந்தும் ரைன் நதிக்கரை ஜெர்மன் பகுதிகளிலிருந்தும் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியா வந்தவர்கள். குதிரை வண்டி, வீட்டுக்கு மின்கம்பி கிடையாது, பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. லங்காஸ்டர் குடியிருப்பில் இன்று 40,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள் என்றாலும், எல்லோரும் அன்று வந்த சில நூறு பேரின் வழித்தோன்றல்கள். அந்தச் சில நூறு பேரில் யாரோ ஒருவர் சுமந்து வந்த மரபணு எழுத்துப்பிழை, சமூகத்துக்குள்ளேயே மணம் முடித்து வந்ததால் தலைமுறை தலைமுறையாகப் பெருகிவிட்டது. குளுட்டாரிக் அசிடூரியா உலகில் ஏறக்குறைய ஒரு லட்சம் பிறப்புக்கு ஒன்று. லங்காஸ்டர் ஆமிஷ் மக்களிடம் சுமார் 400க்கு ஒன்று. நோயுள்ள ஆமிஷ் குழந்தைகளிடம் காணப்படுவது ஒரே மாற்றம்: நொதியின் 421ஆவது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற இன்னொன்று.

இங்கே நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆமிஷ் மக்கள் அத்தை மகள், மாமன் மகனைக் கட்டுவதில்லை. நேரடி ஒன்றுவிட்ட உறவில் திருமணத்தை அவர்கள் சபை அனுமதிப்பதில்லை. ‘சொந்தத்தில் கட்டினால்தான் குறை வரும், நாங்கள் அந்நியத்தில்தான் கட்டினோம்’ என்று நம்மில் பலர் நிம்மதி அடைகிறார்கள். அந்நியம் என்றாலும் அதே சாதிக்குள், அதே பத்து ஊருக்குள் என்றால், பத்துப் பன்னிரண்டு தலைமுறைக்கு முன்னால் இருவருக்கும் ஒரே பாட்டன் இருந்திருக்கலாம். அந்தக் கணக்கு ஜாதகத்தில் தெரியாது.

வயலில் எழுந்த ஆய்வகம்

ஆமிஷ் குடும்பங்கள் காப்பீடு எடுப்பதில்லை, அரசு உதவியும் வாங்குவதில்லை. மருத்துவச் செலவைக் கையிலிருந்து கொடுப்பார்கள். முடியாதபோது சபை சேர்ந்து கொடுக்கும். பெரிய மருத்துவமனையில் ஒரு குழந்தைக்கு ஒரு மாதம் என்றால் பண்ணையையே அடமானம் வைக்க வேண்டும். பிரசவம் பெரும்பாலும் வீட்டில், மருத்துவச்சி கையில். ஆக மார்ட்டன் கண்டுபிடித்ததை அவர் வேலை பார்த்த நகரத்து மருத்துவமனையிலிருந்து கொண்டே செயல்படுத்த முடியாது.

1989இல் மார்ட்டனும் அவர் மனைவி கரோலினும் ‘கிளினிக் ஃபார் ஸ்பெஷல் சில்ட்ரன்’ என்ற சிறப்புக் குழந்தைகள் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். சிறுநீரிலும் ரத்தத்திலும் அமிலங்களை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வாங்கத் தங்கள் வீட்டின் மீது இரண்டாவது முறை கடன் வாங்க இருந்தார்கள். இது வால் ஸ்ட்ரீட் ஜர்னல் முதல் பக்கத்தில் செய்தியாக வந்தது. படித்த ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் கருவியை இலவசமாகக் கொடுத்தது. முகம் தெரியாதவர்களிடமிருந்து நன்கொடை வந்தது. ஸ்ட்ராஸ்பர்க் ஊருக்கு வெளியே ஆமிஷ் விவசாயி ஒருவர் நிலம் கொடுத்தார். 1990இல் ஆமிஷ் ஆண்களும், அவர்களுக்கு நெருங்கிய மெனனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் ஆண்களும் கூடி, தங்கள் களஞ்சியங்களை எப்படி ஊர் கூடித் தூக்கி நிறுத்துவார்களோ அப்படியே கனத்த மரச்சட்டங்களை நிறுத்திக் கட்டடத்தை எழுப்பினார்கள்.

வெளியே குதிரை கட்டும் தூண், உள்ளே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். இந்தப் படத்தை வைத்து நிறையப் பேர் உருகி உருகி எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு: பரிசோதிக்கும் இடமும் டிரிப் ஏற்றும் இடமும் ஒரே கூரைக்குக் கீழே, நோயாளியின் வீட்டிலிருந்து குதிரை வண்டி போகும் தூரத்தில் இருந்தன. விட்டுவிட்டு வந்த மாதிரிக்கு வாரக்கணக்கில் காத்திருக்கும் நிலை இல்லை. அதே சமூகத்தில் 1960களிலிருந்தே மரபியல் ஆய்வுகள் நடந்துகொண்டிருந்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் விக்டர் மெக்கூசிக் ஆமிஷ் குடும்ப மரங்களைக் கொண்டு மருத்துவ மரபியலின் அடித்தளங்களில் ஒன்றையே கட்டினார். அறிவியலுக்கு அது பெரிய லாபம். ஆனாலும் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை அன்றிரவு தூக்கிக்கொண்டு போக ஓர் இடம் இல்லாமல்தான் இருந்தது.

1998இல் எரிக் பஃபன்பெர்கர் என்ற மரபியலாளர் ஆய்வகத்துக்கு வந்த பிறகு மரபணுப் பரிசோதனையும் அங்கேயே நடக்கத் தொடங்கியது. பரந்த கலப்புள்ள மக்கள் கூட்டத்தில் ஒரு குழந்தைக்கு என்ன நோய் என்று தேடுவது கடலில் தேடுவது. இங்கே எந்தெந்தப் பிழைகள் சமூகத்தில் உலவுகின்றன என்ற பட்டியல் கையில் இருக்கிறது. முதலில் பட்டியலைப் பார். கிடைக்காவிட்டால் மட்டும் மொத்த மரபணுத் தொகுப்பைப் படி. செலவும் நேரமும் இப்படித்தான் குறைந்தன. முன்பே ஒரு குழந்தைக்கு நோய் வந்த குடும்பம் என்றால் பிரசவத்தின்போதே தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து நேராக அங்கே அனுப்பிவிடலாம். பட்டியலும் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து, இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்களை ஒரே சோதனையில் பார்க்கிறார்கள்.

90, 47, 7

அந்த மையம் 31 ஆண்டுகளில் கவனித்த 168 குளுட்டாரிக் அசிடூரியா நோயாளிகளின் கணக்கை 2020இல் அங்குள்ள மருத்துவர் கெவின் ஸ்ட்ராஸும் குழுவினரும் வெளியிட்டார்கள். ஆமிஷ் அல்லாதவர்களும் அதில் உண்டு. மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள்.

பிறந்தவுடன் பரிசோதனையும் இல்லை, சிறப்பு உணவும் இல்லை என்ற 51 பேரில் 90 சதவீதத்தினருக்கு மூளை சேதமானது. பிறந்தவுடன் பரிசோதனையில் கண்டுபிடித்து, புரதத்தைக் குறைத்து, காய்ச்சல் வந்தால் உடனே டிரிப் ஏற்றிய 57 பேரில் 47 சதவீதம். 2006 முதல் பிறந்து, பரிசோதனையில் கண்டுபிடிக்கப்பட்டு, லைசின் இல்லாத, ஆர்ஜினின் என்ற இன்னோர் அமினோ அமிலம் கூட்டிய பால்மாவும் கார்னிட்டின் என்ற துணைச்சத்தும் கிடைத்த 60 பேரில் 7 சதவீதம்.

இதை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பரிசோதனையும் இருந்தது, அக்கறையான மருத்துவரும் இருந்தார், டிரிப்பும் இருந்தது. அப்படியும் கிட்டத்தட்டப் பாதிப் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியவில்லை. மீதியைச் செய்தது ஒரு டப்பா பால்மா. லைசினும் ஆர்ஜினினும் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போக ஒரே வாசலைப் பயன்படுத்துகின்றன. பேருந்துப் படியில் ஆர்ஜினின் முண்டியடித்து ஏறிக்கொண்டால் லைசினுக்கு இடமில்லை. உள்ளே போகும் லைசின் குறைந்தால் அங்கே உருவாகும் அமிலமும் குறைகிறது. இந்த யோசனை வந்ததற்குக் காரணம், அதே குழந்தைகளை அதே மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டு, பரிசோதனை இருந்தும் ஏன் தோற்கிறோம் என்று கேட்டுக்கொண்டிருந்ததுதான். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல இது. வெவ்வேறு காலத்துக் குழந்தைகளை ஒப்பிடுகிறது, ஆகவே மற்ற முன்னேற்றங்களின் பங்கும் இதில் இருக்கும். இருந்தாலும் 47க்கும் 7க்கும் உள்ள தூரத்தை அதை மட்டும் சொல்லி மூட முடியாது. 168 பேரில் 19 மாத வயதுக்குப் பிறகு புதிதாக மூளைச் சேதம் ஒருவருக்கும் வரவில்லை.

எல்லாக் கண்டுபிடிப்பும் இப்படி முடிந்ததில்லை. ஆமிஷ் குடும்பங்களில் ஒன்பது பெற்றோருக்குப் பிறந்த 21 குழந்தைகள் ஒரு வயதுக்குள் திடீரென்று மூச்சும் இதயமும் நின்று இறந்தார்கள். அந்தக் குழந்தைகளின் அழுகை விட்டுவிட்டு, ஆட்டுக்குட்டி கத்துவது போல இருக்கும். ஆண் குழந்தைகளுக்கு விரைகள் சரியாக உருவாகியிருக்காது. 2004இல் பஃபன்பெர்கரும் அரிசோனா ஆய்வாளர்களும் வெறும் நான்கு குழந்தைகளின் மரபணுவைச் சிப்பில் வைத்துப் பார்த்தே ஆறாவது குரோமோசோமில் இடத்தைக் குறுக்கி, பழுதான மரபணுவைப் பிடித்துவிட்டார்கள். அழகான அறிவியல். ஆனால் சிகிச்சை என்று கையில் ஒன்றும் இல்லை. பெற்றோருக்குக் கிடைத்தது, நாம் எதையும் கவனிக்காமல் விட்டுவிடவில்லை என்ற உறுதியும், அடுத்த குழந்தையைப் பற்றி முன்கூட்டியே அறியும் வழியும். அதைச் சிறியது என்று நான் சொல்லமாட்டேன். பரிசோதனையை விளம்பரப்படுத்துபவர்கள் முதல் கதையை மட்டும் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுவதுதான் சிக்கல்.

பணம் எங்கிருந்து வந்தது? நன்கொடை, குறைந்த கட்டணம், பிறகு ஏலம். ஆண்டுதோறும் ஆமிஷ், மெனனைட் சமூகங்கள் ஒட்டுத்துணிப் போர்வை, மரச்சாமான், சமைத்த உணவு என்று கொண்டுவந்து ஏலம் விட்டு மையத்துக்குக் கொடுக்கின்றன. 2010இல் மையத்தின் ஓராண்டுச் செலவு 15 லட்சம் டாலர். அதனால் சமூகத்துக்கு மிச்சமான மருத்துவச் செலவு 2 முதல் 2.5 கோடி டாலர் இருக்கும் என்று அவர்களே மதிப்பிட்டார்கள். சொந்த மதிப்பீடு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டாலும் கணக்கு லாபத்தில்தான் நிற்கிறது.

அதே நோய், வேறு தூரம்

கனடாவில் மனிடோபாவின் ஐலண்ட் லேக் பகுதியிலும் வடமேற்கு ஒன்டாரியோவிலும் வாழும் ஓஜி-கிரீ பழங்குடியினரிடமும் இதே குளுட்டாரிக் அசிடூரியா அதிகம். பத்தில் ஒருவர் வரை இந்தப் பிழையைச் சுமக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களுடையது வேறொரு மாற்றம். அதில் சிறுநீரில் அமிலம் குறைவாகவே வெளியேறும், அதனால் வழக்கமான வேதிச் சோதனையில் தப்பிவிடும். ஆகவே 1998 மே மாதம் முதல் அந்த ஊர்களில் பிறக்கும் குழந்தைகளுக்கு நேரடியாக மரபணுச் சோதனையே செய்யத் தொடங்கினார்கள். முதல் மூன்றாண்டில் 1,176 குழந்தைகள். நோய் உள்ளவர்கள் 4 பேர்.

பரிசோதனை பிசகவில்லை. ஆனாலும் சிகிச்சையின் பலன் லங்காஸ்டரில் கிடைத்தது போல அமையவில்லை. நோயின் தன்மை வேறு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று வரைபடத்திலேயே தெரியும்: ஐலண்ட் லேக் ஊர்களுக்கு ஆண்டின் பெரும்பகுதி விமானத்தில்தான் போக முடியும், குளிர்காலத்தில் உறைந்த ஏரி மேல் போடும் பாதை மட்டும் விதிவிலக்கு. சில மணி நேரத்தில் மூளையை அழிக்கும் நோய்க்கு, பெரிய மருத்துவமனை வின்னிபெக்கில்.

நம் பக்கம்

இதை அப்படியே தூக்கிவந்து தமிழ்நாட்டில் நட முடியாது. லங்காஸ்டரில் ஒரே சமூகம், ஒரே பட்டியல். நம்மிடம் தமக்குள்ளேயே மணம் முடிக்கும் நூற்றுக்கணக்கான குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல், அதிலும் பெரும்பாலானவற்றுக்குப் பட்டியலே இன்னும் எழுதப்படவில்லை. 2017இல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் வந்த ஆய்வு, தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்து, அவற்றில் 81 குழுக்களில் மூதாதையர் நெருக்கம், சிறு கூட்டத்திலிருந்து பெருகியவர்கள் என்று மரபியலில் பெயர்பெற்ற பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி (ஐரோப்பிய) யூதர்களையும் விட அதிகம் என்று காட்டியது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் உறவுத் திருமணம் 28 சதவீதம். இரண்டும் சேரும் இடம் இது.

இன்னொரு வித்தியாசத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆமிஷ் குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு நோய் என்றால் சபைக்கே தெரியும், சபையே செலவு செய்யும். நம் ஊரில் ‘மரபணுக் கோளாறு’ என்ற வார்த்தை அறிக்கையில் வந்தால் முதலில் வரும் கவலை, மூத்தவளுக்கு வரன் அமையுமா என்பது. பழி பெரும்பாலும் மருமகள் தலையில் விடியும், இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் வரும் என்று எத்தனை தடவை சொன்னாலும். பரிசோதனை முடிவை யாரிடம், எந்த அறையில், யாரை உட்கார வைத்துச் சொல்வது என்பது ஆய்வகக் கருவி அளவுக்கே முக்கியமான ஏற்பாடு இங்கே. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் வந்தது. உதவித்தொகை வரம்பு 2022இல் 50 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. அந்தப் பணம் குறிப்பிட்ட சில பெரிய மையங்கள் வழியாகத்தான் வரும். பிறந்த வாரத்தில் குதிகாலில் குத்தி வடிதாளில் எடுக்கும் ரத்தம் நாடு முழுவதும் எல்லாக் குழந்தைக்கும் இன்னும் கட்டாயம் இல்லை.

ஆனால் எதுவுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் வாழும் வைசிய சமூகத்தில் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதிக் குறைபாடு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அன்றாடத்தில் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. அறுவை சிகிச்சையில் சக்சினில்கோலின் என்ற தசைத்தளர்வு ஊசி போட்டால் மட்டும், சில நிமிடத்தில் திரும்ப வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் திரும்பாது. இது மயக்கவியல் மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். அறுவைக்கு முன்பு சமூகத்தைக் கேட்டு, வைசியர் என்றால் அந்த மருந்தைத் தவிர்த்துவிடுவார்கள். பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த நொதியை நம்பாத ரோகுரோனியம் என்ற மாற்றுத் தசைத்தளர்வு மருந்து அதே அறையில் இருக்கிறது.